சொட்டு நிற்கும்வரை

என் தாய்மாமன் முறுக்கிய கிளாண்டில் ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று மார்க்கையன்கோட்டைப் பக்கம் பேச்சு. கிணற்று மோட்டாரில் சுழலும் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து, தண்ணீர் ஒழுகாமல் நட்டுப் போட்டு இறுக்குகிற இடம்தான் கிளாண்டு. அதில் கசிவு தெரிந்தால் எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு மானம் போச்சு. அம்மாவுக்குத் தம்பியைப் பற்றிப் பெருமை தாங்காது. எனக்கு அதற்கும் மேல்.

மூன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், ஏலக்காய் முதலாளி ஒருவர் கொச்சியிலிருந்து பழைய பாய்ப்படகு ஒன்றை லாரியில் ஏற்றிவந்து, தன் தென்னந்தோப்பில் வெட்டிய பெரிய குளத்தில் இறக்கினார். சுற்றிலும் மலை, நடுவில் கப்பலோட்டம்! பணம் இருந்தால் ஆசைக்கா பஞ்சம்? காற்று விழுந்துவிட்டால் ஓட்ட அதில் இஞ்சினும் உண்டு. அதன் சாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, படகின் அடிவழியாக வெளியேறித் தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும். அது வெளியேறும் இடத்துக் கிளாண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே ஒழுகியது. வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும் சம்பந்தி வீட்டாரை அவர் படகில் ஏற்றிக் காட்டியாக வேண்டும். மாமாவைக் கூப்பிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கிளாண்டு இஞ்சினுக்குப் பின்னால், பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தது. மாமாவின் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, உங்கைய நீட்டு பாப்போம்."

குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, டீசல் நாற்றம் குமட்டியது. விரலால் தடவித்தான் நட்டைக் கண்டுபிடித்தேன். மாமா தன் சின்ன ஸ்பேனரைக் கொடுத்து, அது இனி என்னுடையது என்றும், எல்லா வேலைக்கும் என்னைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். எனக்கு வேறென்ன வேண்டும்!

அப்போது முதலாளி எட்டிப் பார்த்தார். "கொச்சிக்காரன் போன்ல சொன்னான்யா. சாஃப்ட் ஓடயில ரெண்டொரு சொட்டு விழுகணுமாம். இல்லாட்டிச் சூடேறிப் பிடிச்சுக்கிருமாம்."

"எனக்குத் தெரியாதா முதலாளி?" என்றார் மாமா.

முதலாளியின் தலை மறைந்ததும் மாமா என் பக்கம் குனிந்தார். "சொட்டு விழுந்தா நாளப்பின்ன எவன் என்னைய மதிப்பான்? நீ முறுக்காத்தா."

முறுக்கினேன். அந்தச் சந்தில் ஸ்பேனர் கால் சுற்றுகூடத் திரும்பாது. எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். மணிக்கட்டு எரிந்தது. விரலை அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு, வெகுநேரம் கழித்து இன்னொன்று, அப்புறம் எதுவும் இல்லை.

"நின்னுருச்சு மாமா!"

என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

திருவிழாவன்று பட்டும் நகையுமாகச் சம்பந்தி வீட்டார் ஏறினார்கள். நானும் அம்மாவும் மாமாவோடு கரையில் நின்றோம். நாலு வட்டம் அடித்த படகு நடுக்குளத்தில் புகைந்து, முக்கி, நின்றது. உள்ளே ஒரே கூச்சல். டிராக்டரில் வடம் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். மாமா இறங்கிப் பார்த்தார். சாஃப்ட் கருகி இறுகியிருந்தது.

"சொட்டு விழுகணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லய்யா!" முதலாளி கத்தினார்.

மாமா யோசிக்கவே இல்லை. என்னைக் கைகாட்டினார். "நான் அளவாத்தான் வச்சிருந்தேன் முதலாளி. இந்தப் புள்ள, நான் டீ குடிக்கப் போனப்ப உள்ள கைய விட்டு முறுக்கிப்புடுச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். இது நமக்குள் இருக்கட்டும் என்று அவர் கண் சொல்வதாக நினைத்தேன். மடச்சி!

"ஆமா, நாந்தான்."

அம்மா அத்தனை பேர் முன்னால் அறைந்தாள். "எந்தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேடி!"

நான் அழவில்லை. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு வாரம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போனார். "அவகிட்ட என் ஸ்பேனர் ஒண்ணு இருக்கு, வாங்கிக் குடுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். ஏதோ அவசர வேலை போலிருக்கிறது என்று ஓடிப்போய் எடுத்துவந்து, பாவாடையில் பளிச்சென்று துடைத்து, நானே அவர் கையில் கொடுத்தேன். அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டேன்.

"அடுத்த வேலைக்கு எப்ப மாமா வரணும்?"

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை தெருவில் அந்த வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம், கறை பட்டாலும் பரவாயில்லை என்று பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.