ஆணியில் மாட்டிய பேட்ஜ்

அந்த அணு ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்காதான். முப்பத்தொரு வருஷம் பேராசிரியரின் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவியவள். அணுவைப் பிளந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் என்று அவரைப் பாடப் புத்தகம் சொல்கிறது. குடுவையில் என்ன இருக்கிறதென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. "நீ கழுவினதுன்னா நான் கண்ண மூடிட்டு எடுப்பேன்" என்பார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வருவாள்.

உள்ளே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் சின்ன பிலிம் இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டதென்று மாதக் கடைசியில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். சேர்ந்த முதல் மாதமே அவளுடைய பேட்ஜ் தண்ணீரில் நனைந்து பாழாயிற்று. பதிவேட்டு எழுத்தர் எல்லோர் முன்னும் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டார். அவள் கூனிக் குறுகிப் போனாள். மறுநாளிலிருந்து உள்ளே நுழையும்போதே பேட்ஜைக் கழற்றி, கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிடுவாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்த பிறகுதான் குத்திக்கொள்வாள். எழுத்தர் அப்புறம் அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார். பேராசிரியர் தினமும் அந்த ஆணியைத் தாண்டித்தான் போய்வந்தார். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற நான்காம் வருஷம் அவளுக்கு ரத்தத்தில் கோளாறு வந்தது. வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால்தான் ஆய்வுக்கூடத்து மருத்துவமனையில் சேர்ப்பார்கள். வெளியே அந்த வைத்தியம் கிடையாது. மகள் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். முந்நூற்று எழுபத்திரண்டு மாதங்கள். முதல் மாதத்துக்கு நேரே 'நனைந்தது' என்றிருந்தது. மற்றதெல்லாம் பூஜ்ஜியம்.

"உங்க மேல ஒண்ணுமே படலம்மா. இவ்ளோ சுத்தமான பக்கம் இங்க வேற யாருக்கும் இல்ல."

அவள் ஆணியைப் பற்றிச் சொன்னாள். அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார் அதிகாரி. எழுத்தரும் பேராசிரியரும் இப்போது உயிரோடு இல்லை.

திரும்பும் வழியில் பேராசிரியரின் அறை இருந்தது. இப்போது அது காட்சிக்கூடம். அவள் குடுவை கழுவிய தொட்டியைக் கனத்த கண்ணாடிக்குள் மூடி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கிட்டே போகாதீர்கள் என்றார் காவலாளி. அதிலிருந்து இன்னும் கதிர் வருகிறதாம்; அளந்து பார்த்துவிட்டுத்தான் மூடினார்களாம்.

மகள் விடுவிடுவென்று அதிகாரியிடம் திரும்பிப் போனாள்.

"தொட்டிய அளந்தீங்களே, அதுல முப்பத்தொரு வருஷம் கைய விட்டுட்டிருந்தவங்கள அளக்கத் தோணலையா?"

தொட்டிக்கு ஒரு விதி, ஆளுக்கு ஒரு விதி என்றார் அவர். ஆளுக்குப் பேட்ஜ்தான் கணக்கு.

மகள் வந்தபோது அம்மா கதவுக்கு வெளியே அந்த ஆணியைத் தடவிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாடி போலாம். நனைய விட்டிருக்கணும். திட்டு வாங்கினா செத்தா போயிருப்பேன்?"

அன்றிலிருந்து எழுபத்தாறாம் நாள், வீட்டில், காலை ஒன்பதேகாலுக்கு இறந்தாள்.