கல் மீனுக்கு வைத்த சோதனை

என் தாய்மாமா சொன்ன எதையும் நான் சரிபார்க்காமல் நம்பியதில்லை. காரணங்கள் இருந்தன. லாரி டயரின் ரப்பர் துண்டை யானைத்தோல் என்றார். துருப்பிடித்த பேரிங் குண்டைக் கொடுத்து வானத்திலிருந்து விழுந்தது என்றார். அதை மட்டும் ஏமாந்து நம்பி, நான்காம் வகுப்புக்குப் பெருமையோடு எடுத்துப்போனேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்களுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் வேலை. அது என்னவென்று கடைசி பெஞ்சுவரை தெரிந்திருந்தது. ஒரு மாதம் என் பெயரே பேரிங்.

அம்மா கத்துகிறவள் அல்ல. மெதுவாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும். தன் தம்பியிடம் அன்று மெதுவாகத்தான் சொன்னாள்: "இன்னொரு தபா கொயந்தகிட்ட பொய் சொன்னே, இந்த ஊட்டாண்ட வராத."

மாமாவுக்கு வேறு வீடு கிடையாது. லாரியிலேயே சமைத்து, லாரியிலேயே படுப்பார். மாதத்தில் இரண்டு நாள் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி எங்களிடம் வந்து, குளித்து, சோறு தின்று, காலை நீட்டித் தூங்குவார். அதன் பிறகு மூன்று மாதம் என்னிடம் "சாப்டியா" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துண்டில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கோதாவரிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் பலகை ஏற்றப் போன இடத்தில் கிடைத்ததாம். சாம்பல் நிறக் கல்லில், என் முழங்கை நீளத்துக்கு, கறுப்பாக ஒரு மீன் பதிந்திருந்தது.

"இந்த தபா நெஜம், பாப்பா. பலகைய ஒடைக்கசொல்ல உள்ள இது கீது. ஒனக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன்" என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தவுடன் என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அவர் சரக்கு இறக்கப் போனார். அம்மா கம்பெனிக்கு ஓவர்டைம் பார்க்கப் போனாள். நான் சோதனைகளை வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதல் சோதனை தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறியும் சாயம் போகவில்லை. கெட்டிக்கார ஆள் செய்தது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது செதில். அம்மா மடவை, கொடுவா, விரால் எல்லாம் ஆய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். மீன் செதில் மெல்லிசாக, வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதிலோ சாய்சதுரக் கட்டங்கள், தரைக்கு டைல்ஸ் பதித்ததுபோல வரிசையாக, பாலிஷ் போட்ட பளபளப்போடு. கத்தியால் சுரண்டினாலும் பெயரவில்லை. மீனையே பார்க்காத எவனோ செய்திருக்கிறான்.

கடைசியாக ஆசிட். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதன்மேல் சிந்திய சிமென்ட்டைப் போக்கக் கொத்தனார்கள் ஆசிட் ஊற்றுவார்கள், நுரைத்துக்கொண்டு வரும். குளியலறை பாட்டிலை எடுத்து மீனின் தலையில் ஊற்றினேன். நுரைத்தது. ஆக, சிமென்ட். உறுதி செய்துகொள்ள இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தேன். தலை கறுப்புத் தூளாக உதிர்ந்து போனது.

இன்று நான் உலோகங்களைப் பரிசோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆசிட் பட்டால் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான் நுரைக்கும் என்பது எனக்குப் பதினோராம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. செதில் விஷயம் தெரியக் கல்லூரி நூலகம்வரை போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு புத்தகத்தில் அதே கட்டங்கள். லெபிடோட்டஸ் என்று ஒரு பேரினம். கதிர்த்துடுப்பு மீன் வகை, டைனோசர் காலத்தது, அழிந்துவிட்டது. செதிலின்மேல் பல் எனாமல் போன்ற பூச்சு உண்டாம். கோதாவரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் கிடைத்திருக்கிறதாம். இப்படிச் செதில் உள்ள மீன்களையெல்லாம் நெடுங்காலம் இந்த ஒரே பெயரில் போட்டுவைத்திருந்தார்கள். இப்போது பிரித்துப் பிரித்து வேறு பேரினங்களுக்கு மாற்றுகிறார்கள். எது எந்தப் பேரினம் என்று செதிலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மண்டையோட்டையும் பல்லையும் பார்க்க வேண்டும்.

அன்று மாலை எனக்கு இதில் எதுவும் தெரியாது. மாமா சாப்பிட உட்கார்ந்ததும் கல்லை முன்னால் வைத்து, முடிவுகளை வரிசையாகச் சொன்னேன். அம்மா குனிந்து பார்த்தாள். இப்படி ஒரு செதிலைத் தானும் கண்டதில்லை என்றாள். பிறகு, "தல எங்கடி?" என்றாள்.

"ஆசிட்ல போச்சு."

"நெஜமா இருந்தா இன்னா பண்ணுவே?" அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கல்லில் தலை போய் வெளுத்திருந்த இடத்தை மாமா விரலால் தடவினார். சுற்றியிருந்த கட்டங்களையும் தடவினார். "பொய்தாங்கா" என்றார். "சிமென்ட்ல ஊத்துனது. நாந்தான் செய்யச் சொன்னேன்."

அம்மா சோற்றுப் பாத்திரத்தை மூடினாள். "கெளம்பு" என்றாள்.

அவர் எழுந்து கல்லைத் துண்டில் கட்டினார். வெளியே போகிறவர், என்னைக் குழாயடிக்கு அழைத்தார். "கைய காட்டு. எரியுதா?"

இரண்டு விரல்நுனிகள் சிவந்திருந்தன. அவற்றைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மாட்டிக்கொண்டவர் என்னைத் தாஜா செய்து அம்மாவிடம் சிபாரிசு பிடிக்கப் பார்க்கிறார், வேறென்ன? எரியவில்லை என்று சொல்லிவிட்டு, கையை உருவிக்கொண்டேன்.