ஆறு கட்டம் போட்ட தாள்

என் அண்ணி வெட்டும் துணியில் நூலிழை பிசகாது. மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் பட்டறையில் வெட்டு மேசை அவருடையது, தையல் மெஷின் என்னுடையது. அவரிடம் போய் “மறந்துட்டீங்களா அண்ணி” என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள்.

பத்து வருடமாக மாதாமாதம் வலியில் சுருண்டு கிடந்தார். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்ல இப்போதுதான் ஒரு டாக்டரம்மா வாய்த்தார். கருத்தடைக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையை இடைவெளி விடாமல் தினமும் போடச் சொன்னார். வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் நினைத்தபோதெல்லாம் ரத்தம் பட்டது. முதலில் சில மாதம் அப்படி இருக்கும் என்றார்கள். ஐந்து மாதமாகியும் நிற்கவில்லை. முக்காலியை விட்டு எழும்போதெல்லாம் அண்ணி திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் அதில் மடித்துப் போட்டிருந்த வெள்ளைத் துணியில் கறை. அவராகவே கேட்டு நீலத் துணி மேசைக்கு மாறிக்கொண்டார்.

“மாத்திரைய நிறுத்திடப் போறேன். வலியாவது சொல்லிட்டு வரும்” என்றார்.

அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன். விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

நடுவில் மாத்திரை விட்டுப்போனதா என்று அவர் கேட்டதுமே அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டறையின் வேலைத்தாள்களை எடுத்து நீட்டினார். பதினொரு மணி டீ மணி அடித்ததும் கத்தரிக்கோல் இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை, அன்றைய வேலை நாளின் கட்டத்தில் ஒரு டிக். ரத்தம் பட்ட நாளுக்குச் சிவப்பு வட்டம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். “வட்டமெல்லாம் திங்கள், செவ்வாய்லயே இருக்கே. ஞாயித்துக்கிழமைக்கு எங்கம்மா கட்டம்?”

“லீவு நாளுக்கு ஏதுங்க கட்டம்…” என்ற அண்ணி பாதியில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையும் இல்லை, மணியும் இல்லை, மாத்திரையோ பூட்டிய இழுப்பறையில். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

விட்டு விட்டுப் போட்டாலும் இப்படிப் படும், முதலில் ஏழு நாளும் ஒரே நேரத்தில் போடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் பரிசோதித்து மாத்திரையை மாற்றலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தட்டில் கரண்டியால் டங்கென்று அடித்தான். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

இரண்டு மாதம் கழித்து வெள்ளைத் துணி மேசைக்குத் திரும்பினார். முதல் நாள், டீ மணி அடித்ததும் எழுந்தார். முக்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.