சைக்கிள் கடையில் கேட்ட சகானா

பஞ்சர் ஒட்டும் 'சொல்யூஷன்' டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியும், நெடுநேரம் ஓடிச் சூடேறிய டேப் ரிக்கார்டரிலிருந்து வரும் பிளாஸ்டிக் வாடையும் ஒன்றாகக் கலந்தால் இன்றைக்கும் என் காது மடல்கள் சுடுகின்றன. மற்றவர்களுக்குச் சிறு வயது ஞாபகம் வந்தால் சிரிப்பு வருகிறது. எனக்கு வெட்கம்தான் முதலில் வருகிறது.

கோச்சடையில் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்த குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, சொந்தக் கடையிலேகூட அப்பா நாற்காலியில் உட்கார மாட்டார். சக்கரத்தைக் கோட்டம் எடுத்தபடி தரையில் குந்தியிருப்பார். கடையில் இருந்த இரண்டு மடக்கு நாற்காலிகளும் சனிக்கிழமைதோறும் வரும் இரண்டு பேருக்கானவை. ஒருவர் பேங்க்கில் கேஷியராக இருந்த ராமலிங்கம் சார். வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தன்னுடைய டேப் ரிக்கார்டரை எங்கள் கடையிலேயே வைத்திருந்தார். மற்றவர் சிம்மக்கல் வெங்காய மண்டியில் கணக்கு எழுதிய சுந்தரம் மாமா. இருவருக்கும் கர்நாடக சங்கீதப் பைத்தியம். கடைக்கு வந்து உட்கார்ந்ததும் கேஷியர் சார் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் என்ன ஓடுது?" என்பதாகத்தான் இருக்கும். அந்த வாரம் தான் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். கேசட் இருந்தால் போட்டும் காட்டவேண்டும்.

"வெங்காய லாரி எறங்குறப்ப ரேடியோவுல தோடி போட்டாய்ங்க சார். கண்ணு கலங்கிருச்சு. தோடியா வெங்காயமான்னுதான் இன்னும் தெரியல" என்பார் சுந்தரம் மாமா.

"ஒம்ம தோடிக்கு வெங்காயமே மேலு" என்பார் கேஷியர் சார்.

அப்பாவுக்கும் பாட்டென்றால் உயிர். ஆனால் ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது, சொந்தமாக ஒரு கேசட் கிடையாது. பேச்சு அவர் பக்கம் வரும்போது, "நமக்கென்னண்ணே, நீங்க போடுறதுதான்" என்று ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். சின்னப் பையனான எனக்கே அது ஒரு மாதிரியாக இருக்கும். நாலு வார்த்தை அவரும் பேசினால் என்ன என்று தோன்றும்.

நான் நாலாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக்குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட்டில் யாரோ சொல்லே இல்லாமல் ஒரு ராகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். குமிழி மங்கலாகத் தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் வடிவது அப்புறம்தான் உறைத்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, வயிறும் நிறைந்துதான் இருந்தது.

அப்பா பார்த்துவிட்டார். "சார், எம்மகன் அழுவுறான் பாருங்க. இந்தப் பாட்டுக்கு அழுவுறான் சார்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. கேஷியர் சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "சகானா ராகம் இது. பய சகானாவுக்கு அழுகுறானா, மாரி?" என்று அப்பாவிடம் வியந்தார்.

அன்றிலிருந்து அந்தச் சபையில் அப்பாவுக்கும் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "இந்த வாரம் காலையில ரேடியோவுல ஒண்ணு வந்துச்சு சார், அதுக்கும் கலங்கிட்டான்" என்று அவரும் பேச ஆரம்பித்தார். அவர்களும் புதுக் கேசட் வாங்கினால், "தம்பிகிட்டப் போட்டுப் பாப்போம்" என்று கொண்டு வந்தார்கள். என்னை முக்காலியில் உட்கார வைத்து, குண்டு பல்பை என் முகத்துக்கு நேராகத் திருப்பி, பாட்டைப் போட்டுவிட்டு இருவரும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுந்தரம் மாமா எனக்கு 'மீட்டரு' என்று பெயர் வைத்தார். காற்றடிக்க வந்தவர்களும் நின்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அது 'அழுவுணி மீட்டரு' ஆகிவிட்டது. அழுகை வந்தால் அதைப் பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று கூசும். வராவிட்டாலோ அப்பாவின் முகம் வாடும். சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நிறுத்தியது போல இருக்கும் எனக்கு.

அம்மா ஒருநாள் கடைக்கே வந்து, "பிள்ளைய வச்சு என்ன வித்தையா காட்டுறீக?" என்று கேட்டாள்.

"அவனுக்கு ஞானம் இருக்குடி" என்றார் அப்பா.

"ஞானம் இருந்தா கணக்குல பெயிலாவானா?"

அப்பா குனிந்து ஸ்பேனரைத் தேடினார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் ஆளுக்கொரு கேசட்டோடு வந்தார்கள். இரண்டிலும் சகானா. பாடியவர்கள்தான் வேறு. யாருடைய கேசட்டுக்கு நான் அழுகிறேனோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். அப்பா கை கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் சுவரோரமாகக் குந்தினார். முதல் கேசட் ஓடி முடிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவதும் ஓடியது. அதற்கும் வரவில்லை. பாட்டு என் காதிலேயே ஏறவில்லை என்பதுதான் உண்மை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டரு ரிப்பேரு மாப்ள. ஒங்கடையிலயே மாட்டி ஓவராயில் பண்ணிரு" என்றார் சுந்தரம் மாமா. காற்றடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் அது சிரிப்பாக இல்லை. "இன்னொருக்கா போடுங்க சார். அவன் நல்லாக் கேப்பான். ஒரே ஒருக்கா" என்று கெஞ்சினார். ஒரு பாட்டுக்காக அப்பா கெஞ்சுவதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போனது. நான் இதில் தவறிவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவர் பழையபடி வாயைத் திறக்காமல் ஸ்பேனரைத் தேடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டு நாய் செத்ததை நினைத்துப் பார்த்தேன். வாத்தியாரிடம் வாங்கிய பிரம்படியை நினைத்துப் பார்த்தேன். கண் காய்ந்தே கிடந்தது.

கேஷியர் சார் மறுபடியும் தன் கேசட்டைப் போட்டார். பல்பு வெளிச்சம் தாங்காமல் நான் தலையைத் திருப்பினேன். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இரண்டு கன்னத்திலும் தாரையாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பது எப்படித் தெரிந்ததோ, சட்டென்று கண்ணைத் திறந்து, பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து தாடை வரை கறுப்பாகத் தீற்றிக்கொண்டது. திருடும்போது அகப்பட்ட ஆள் மாதிரி என்னைப் பார்த்தார்.

எனக்கு அழுகை வெடித்து வந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். கேஷியர் சார் தொடையைத் தட்டி, "பாத்தீரா சுந்தரம்? எம்பாட்டு" என்றார். சுந்தரம் மாமா பருத்திப்பால் வாங்கிவரப் போனார். அப்பா, போட்டிருந்த நல்ல சட்டையோடே ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

இத்தனை நாளும் அவர் என்னை முன்னால் உட்கார வைத்ததே, தான் பின்னால் மறைந்துகொள்வதற்குத்தான் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்த பிறகு பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

இப்போது அப்பா இல்லை. சுந்தரம் மாமாவும் இல்லை. அதே இடத்தில் நான் டூவீலருக்குப் பஞ்சர் பார்க்கிறேன். கேஷியர் சார் திருநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர்தான் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். டாக்டர், பேராசிரியர் என்று பெரிய மனிதர்கள் இருக்கும் குழு அது. தினமும் காலையில், 'இப்போது கேட்பது' என்று ஒருவர் தொடங்கிவைக்க, வரிசையாக எழுதுவார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதோடு சரி. ஒரு வார்த்தை போட்டதில்லை. பிழையாக எழுதிவிட்டால் சிரிப்பார்களே என்று பயம்.

போன மாதம் கேஷியர் சார் அந்தச் சகானாவைப் போட்டு, ஒரு சைக்கிள் கடைப் பையனை அழவைத்த பாட்டு இது, அந்தப் பையன் இந்தக் குழுவில்தான் இருக்கிறார் என்று எழுதிவிட்டார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. மறுபடியும் முக்காலியில் உட்கார வைத்ததுபோல எனக்கு வேர்த்தது. யாரோ ஒரு அம்மா, 'உங்கள் அப்பா என்ன கேட்பார்?' என்று என்னைக் கேட்டிருந்தார். அப்பா கடைசிவரை பதில் சொல்லாமல் நழுவிய கேள்வி.

நான் கேஷியர் சாருக்கு மட்டும் தனியாக எழுதினேன். 'அன்னிக்கி எங்கப்பாதான் சார் அழுதாரு. உங்களுக்குத் தெரியாது.'

அவர் குரலில் பேசி அனுப்பினார். வயதாகிக் குரல் தேய்ந்திருந்தது. "தெரியும்டா தம்பி. எனக்கும் தெரியும், சுந்தரத்துக்கும் தெரியும். மொத நாளுலருந்தே தெரியும். மாரி பக்கம் திரும்புனா அந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு. அதான் ஒம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம்."

பஞ்சர் ஒட்ட வந்த பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது. நான் எதைக் கேட்டுக் கலங்கி நிற்கிறேன் என்று அவனுக்கும் தெரியாது. ஒருவர் அழுவதற்காக இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் அவசியம் இனி யாருக்கும் இல்லை. என் அவமானம் என்று நான் இத்தனை காலம் சுமந்தது, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஒரு மனிதரின் மானத்தைக் காத்த சங்கதி. அது தெரியாமல் அந்த இருவரையும் மனதுக்குள் எவ்வளவு வைதிருக்கிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டு குழுவைத் திறந்தேன். அந்த அம்மாவின் கேள்விக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'மாரிச்சாமி, சைக்கிள் கடை, கோச்சடை. சகானா' என்று எழுதி அனுப்பினேன்.