கூடத்தில் நின்ற இருபத்தேழாம் நம்பர்

மழை வந்தால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். நம் பெயிண்டர் அந்த ஜாதியே இல்லை. விடியற்காலையில் ஜன்னல் தகரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாயம் அடிக்கிறவர் அவர். கயிற்றில் தொங்கும் பலகையில் நின்றுகொண்டு, காக்கைக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாழ்கிறவர். ஈரச் சுவரில் பெயிண்ட் ஒட்டாது, ஒட்டினாலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். ஆகவே மழை என்றால் வேலை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள் என்றால், கேட்கவே வேண்டாம், அவரும் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில்.

அவருடைய மனைவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார், இருபத்தேழாம் நம்பர். மழையோ வெயிலோ வண்டி கிளம்பியாக வேண்டும். மழையென்றால் இன்னும் கூட்டம், இன்னும் நெரிசல், தாமதத்துக்கு ஏச்சுப் பேச்சு வேறு. தெருவில் அவரை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவளுக்குப் பத்து வயது, பெயர் ஜட்ஜம்மா. தப்பு என்றால் அப்பனாக இருந்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டாள். நடுவில் ஏழு வயதுப் பையன், வெடி. பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கடைக்குட்டிக்கு நாலு வயது, பொடி. இதெல்லாம் வீட்டுப் பெயர்கள்தான், ஆனால் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் பெயிண்டர் ஒரு காரியம் செய்தார். மழைக்குப் பொழுது போகவில்லை என்று பிள்ளைகள் நச்சரிக்க, ஏதோ கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய பச்சை எனாமல் டின்னைத் திறந்து, அட்டையில் காடு வரையச் சொல்லிவிட்டார். வெடிக்கு அட்டை போதவில்லை. பொடிக்குக் காட்டில் தவளை வேண்டும், தவளையாக அவளே ஆகிவிட்டாள். எனாமல் தண்ணீரில் போகாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பதினாலு வருஷம் பெயிண்டோடு புழங்கின மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கை என்றைக்குச் சுத்தமாக இருந்தது, பெயிண்டைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே வருவதற்கு? சாயங்காலம் டிரைவரம்மா கதவைத் திறந்தால் மூன்று பச்சைப் பிள்ளைகள். மறுநாள் பள்ளியில் வகுப்புப் புகைப்படம். இன்றைக்கும் அந்தப் படத்தில் வெடியின் இரண்டு காதும் கிளி மாதிரி இருக்கும்.

அன்றைக்கே டிரைவரம்மாவின் தீர்ப்பு வந்துவிட்டது. இனி மழை நாளில் பிள்ளைகள் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பெரியம்மா என்றால் டிரைவரம்மாவின் அக்கா, நாலு தெரு தள்ளி இருக்கிறார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துணி, துணிக்கு மேல் பிள்ளைகள் என்று வரிசையாக உட்கார வைத்துவிடுவார். அசைந்தால் "உஷ்". அதற்குப் பிறகு வந்த மழை நாளெல்லாம் பெயிண்டர் காலி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு அழுகையே வந்துவிடும். மற்ற நாளில் பிள்ளைகள் எழுந்திருக்குமுன் போய், தூங்கின பிறகு வருகிறவருக்கு, பிள்ளைகளோடு முழுசாக ஒரு பகல் கிடைப்பது மழையில்தான்.

இந்த வருஷம் முதல் மழை விடுமுறைக்கு அவர் மனைவியிடம் மன்றாடினார்.

"ஒரே ஒரு நாள் குடு. ஒரு தப்பு நடந்தாலும் அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

டிரைவரம்மா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே யோசித்தார். "சரிங்க. மூணு விஷயம். பெயிண்ட் டின்னு திறக்கக் கூடாது. ஒருத்தரும் அழக் கூடாது. நான் வரும்போது வீடு நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும். அக்கா அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பா. இதுல ஒண்ணு தவறினாலும் இந்த மழைக்காலம் பூரா புள்ளைங்க அங்கதான்."

"அவங்க எதுக்கு?"

"நீங்க எதுக்குன்னு கேக்கிறதாலதான்."

கதவு மூடியதும் பிள்ளைகள் மூன்றும் அப்பாவைப் பார்த்தன. அப்பா பிள்ளைகளைப் பார்த்தார்.

எட்டு மணிக்கெல்லாம் பஸ் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யோசனை வெடியினுடையது. பெயிண்டரின் அலுமினிய ஏணியைக் கூடத்தில் படுக்கப் போட்டார்கள், அதற்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள், மேலே சாயம் சிந்தாமல் விரிக்கிற பெரிய பிளாஸ்டிக் விரிப்பு. முன்னால் ஒரு முக்காலி, அதன்முன் தட்டு ஒன்றை ஸ்டியரிங்காகக் கட்டினார்கள். அடேங்கப்பா, பார்த்தால் நிஜ பஸ்ஸே தோற்றுவிடும்.

உடனே சண்டை. முக்காலியில் வெடி ஏறி உட்கார்ந்தான், பொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதடு பிதுங்கிற்று. இரண்டாவது நிபந்தனை ஒன்பது மணிக்குள் காலி என்று பெயிண்டர் நினைத்தபோது, ஜட்ஜம்மா கையை உயர்த்தினாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. இந்த வண்டிக்கு டிரைவர் இருக்காங்க. வேலைக்குப் போயிருக்காங்க. வேற யாரும் அங்க உக்காரக் கூடாது."

பொடி ஓடிப்போய் அம்மாவின் பழைய தொப்பியைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். சண்டை அத்தோடு முடிந்தது. நாள் பூரா அந்த வண்டி கிளம்பவே இல்லை, டிரைவருக்காக நின்றது. நிற்கிற வண்டியில்தான் எத்தனை வேலை! டயர் மாற்றினார்கள். கண்ணாடி துடைத்தார்கள். பயணிகளுக்குப் பசி என்று ரொட்டியும் முட்டையும் வரிசையில் போய்ச் சேர்ந்தன. "எப்பக் கிளம்பும்?" என்று பொடி கால்மணிக்கு ஒரு தரம் கேட்பாள். "டிரைவர் வந்ததும்" என்று மற்ற மூன்று பேரும் கோரஸாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தரமும் ஒரே சிரிப்பு.

பதினொரு மணிக்கு வெடிக்கு ஒரு குறை. "அப்பா, நம்பர் எழுதலையே. நம்பர் இல்லாத வண்டியில யாரு ஏறுவா?"

நியாயமான கேள்வி. கட்டிலுக்கடியில் அரை டின் வெள்ளை இருந்தது. பெயிண்டருக்குக் கை அரித்தது. இரண்டே எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். டின்னை வெளியே இழுத்து, மூடி இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துவிட்டார்.

"அப்பா" என்றாள் ஜட்ஜம்மா. ஒரு சொல்தான்.

மனிதர் டின்னை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு, பையிலிருந்து பேப்பர் டேப்பை எடுத்தார். ஜன்னல் ஓரத்தில் சாயம் படாமல் ஒட்டுவார்களே, அது. உரித்தால் சுவடே இருக்காது. முன்பக்க விரிப்பில் பட்டை பட்டையாகக் கிழித்து ஒட்டி, 27 என்று முழ நீளத்துக்கு எழுதினார். வெடி கைதட்டிக் கூரையைப் பிளந்தான்.

கூரையும் சொல்லிவைத்தாற்போல் ஒழுக ஆரம்பித்தது. ஊர்ச் சுவரெல்லாம் ஈரம் புகாமல் அடிக்கிறவர் குடியிருப்பது மூன்றாவது மாடி வாடகை வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. ஊருக்குத்தான் உபதேசம்! பழைய விளக்கு தொங்கின வெறும் கொக்கி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பின்சீட்டாகப் போட்டு விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெத்தையில் விழுந்து தெறித்தது. மழை பெய்யும்போது வெடிப்பை அடைக்க முடியாது, எந்தப் பெயிண்டரும் சொல்வார். ஆனால் தொழிலில் ஒரு வழி உண்டு. வண்டிக்கடியிலிருந்து ஏணியை உருவி நிமிர்த்தி ஏறி, கொக்கியில் சணல் கயிற்றைக் கட்டி, மறுநுனியை வாளிக்குள் விட்டார். கூரைத் தண்ணீர் தெறிக்காமல், சத்தமில்லாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

"டீசல் பங்க்!" என்று கத்தினான் வெடி. அதற்கப்புறம் வாளி நிறைய நிறைய வண்டிக்கு டீசல் போட்டு மாளவில்லை. மெத்தையை இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்தார்கள்.

நாலரை மணி ஆயிற்று. இனி வண்டியைப் பிரித்து, நாற்காலிகளை அதனதன் இடத்தில் போட்டால் ஆட்டம் கெலித்த மாதிரிதான். பெயிண்டர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தார்.

பொடி தொப்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இன்னும் வரலையே."

"அம்மா வந்தா வீடு சரியா இருக்கணும்டா தங்கம்."

"டிரைவர் வந்தாதான் கிளம்பும்னு சொன்னீங்க. அப்ப பொய்யா?"

ஜட்ஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவரைக் கொன்றது. பிரித்தால் இந்த மழைக்காலம் முழுக்கத் தன்னுடையது. பிரிக்காவிட்டால் மூன்றாவது நிபந்தனை போச்சு, பிள்ளைகள் உறை போட்ட சோபாவுக்கு. விரிப்பைப் பிடித்த கையோடு அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

"நிக்கட்டும். தோத்தா தோத்துட்டுப் போறேன். நாள் பூரா காத்திருந்துட்டு டிரைவர் வரும்போது வண்டி இல்லன்னா எப்படி?"

டாணென்று ஐந்து மணிக்குப் பெரியம்மா வந்தார். சும்மா வரவில்லை, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி வைக்கப் பையோடு வந்தார். கூடத்தைப் பார்த்ததும் முகத்தில் வெற்றிக் களை.

"தம்பி, இது வீடா, வண்டி ஷெட்டா? கூரை வேற ஒழுகுது!"

"ஒழுகலைங்கக்கா, வாளிக்குள்ள இறங்குது."

"அதைத்தான் ஒழுகுறதுன்னு சொல்லுவாங்க."

பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் பெயிண்ட் தேடினார், டின்னின் மூடியைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாவிட்டால் என்ன? கூடத்தில் குத்துக்கல்லாக நிற்கிறதே ஒரு பஸ், அது போதாதா! நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்.

ஆறரைக்கு டிரைவரம்மா வந்தார். தோளிலிருந்து தண்ணீர் சொட்டியது, கண் சிவந்திருந்தது. பத்து மணி நேரம் வைப்பரைப் பார்த்தே பூத்துப்போன கண்.

"நீயே பாரு" என்றார் பெரியம்மா. "நீ விட்டுட்டுப் போன மாதிரியா இருக்கு? துணியை எடுத்து வைக்கட்டுமா?"

டிரைவரம்மா 27 என்ற எண்ணைப் பார்த்தார். முக்காலியையும் தொப்பியையும் பார்த்தார். "இதுக்கு யாரு டிரைவர்?"

"நீதாம்மா" என்றாள் ஜட்ஜம்மா. "காலையிலேருந்து நிக்குது. வேற யாரையும் உக்கார விடல. அப்பா பிரிக்கப் பாத்தாரு. நாங்கதான் வேணாம்னோம். தப்பு எங்களுது."

"காலையிலேருந்தா?"

"டீசலெல்லாம் போட்டாச்சு" என்றான் வெடி.

டிரைவரம்மா பெருமூச்சு விட்டார். "நாள் பூரா ஓட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் பஸ்ஸா?"

பெரியம்மா பையின் ஜிப்பைத் திறந்தார்.

டிரைவரம்மா மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காலைத் துடைத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தார். அன்றைக்கு ஏறின அத்தனை பயணிகளும் ஏன் லேட்டு என்றுதான் கேட்டிருந்தார்கள். லேட்டானாலும் பரவாயில்லை என்று இவருக்காக நின்ற ஒரே கூட்டம் இதுதான்.

"எல்லாரும் ஏறியாச்சா? அக்கா, படியில நிக்காத, உள்ள ஏறு. நனைஞ்ச வண்டி, வழுக்கும்."

பெரியம்மா பையும் கையுமாகத் திகைத்தார். பொடி அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? "இந்த வண்டி எங்க வீட்டு வழியாப் போகுமா?" என்றார்.

"போகாதுக்கா" என்றார் டிரைவரம்மா, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "மழை நாள்ல இந்த வண்டி இந்த வீட்டை விட்டு எங்கயும் போகாது."

புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் வெடி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். ஜட்ஜம்மா அப்பாவின் முதுகில் தொங்கினாள். பெரியம்மாகூடச் சிரித்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு "சரி சரி, சீக்கிரம் எடுங்க" என்றார். பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். ஹாரன் அடித்தது பொடி.