கந்தோரில் இருந்த கொப்பிகள்

கடற்கரை வீதியில் தடித்த சுவர்களோடு நின்ற அந்தக் கட்டடத்தை எங்கள் ஊரார் கந்தோர் என்றே சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது காணி அலுவலகம், அதாவது காணிக் கந்தோராம். பிறகு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியம். புயலில் எங்கள் வீடு விழுந்தபோது மூன்று வாரம் அங்கேதான் படுத்தோம். அதன் கூரையிலும் பாதி போயிருந்தது. தகரம் போட்டு வாசிகசாலை ஆக்கினார்கள். உமி வாடை மட்டும் போகவில்லை.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

“கந்தோர் இல்ல வாப்பா, வாசிகசாலை எண்டு சொல்லுங்க.”

“ஓம் டீச்சர்,” என்பார். மறுநாளும் கந்தோர்தான்.

எங்கள் வீடு ஒழுகும். அதனால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க எழுதிவைத்த கொப்பிகளை வாசிகசாலை அலுமாரியில் வைத்திருந்தேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில் ஆமி வந்து கட்டடத்தை எடுத்துக்கொண்டது. வாப்பாவும் நானும் போனோம். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாயிடம், “வாசிகசாலை... புத்தகம்...” என்று இரண்டு முறை சொன்னேன். அவன் துவக்கை அசைத்துப் போகச் சொன்னான்.

“நீ சும்மா இரி புள்ள.” வாப்பா முன்னே போனார். “கந்தோர். மகள்ட கொப்பி.”

“ஆ, கந்தோருவ!” அவன் முகம் இளகியது. சிங்களத்திலும் அதே சொல் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாப்பாவை மட்டும் உள்ளே விட்டான்.

நாங்கள் எல்லோரும் கொப்பிகளுக்குப் பத்திரிகைத் தாளில்தான் உறை போடுவோம். பெயர்தான் வேறு. அவர் அணைத்துக்கொண்டு வந்த நான்கும் என்னோடு படித்த இன்னொரு பிள்ளையுடையவை.

“இது என்ட இல்ல வாப்பா. பேரைப் பாத்து எடுக்கேலாதா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. வாப்பா திரும்பிப் போனார். இந்த முறை சிப்பாய் விடவில்லை.

அன்று பின்னேரமே அவற்றை அந்தப் பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

“ஒன்னையும் வரட்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாமாம்.”

“தேவையில்ல,” என்றேன்.

அவள் அந்த முறை பரீட்சையில் சித்தியடைந்தாள்; நான் அடையவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தது வாப்பாதான். நான் அறைக்குள்ளேயே இருந்தேன்.