பச்சையாகாத தட்டு

மூன்று வருடமாக நான் ஒரு கிண்ணம் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் இதைச் சொன்னால் எவர்சில்வரா என்று கேலி செய்வார்கள். என் கிண்ணம் ஒரே ஒரு மூலக்கூறு, கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் சாயம் ஒளிராது. முட்டை மஞ்சளில் இருக்கிறதே கோலின், அது வந்தால் சாயத்தை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்த சாயம் பச்சையாக ஒளிரும். கண்ணாடிக் குழாயில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உயிருள்ள செல்லுக்குள் நடக்காவிட்டால் என் ஆராய்ச்சிப் பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

அதைப் பார்ப்பதற்கான நுண்ணோக்கி வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்த தோழி, கடலோரத் திரேஸ்புரத்துக்காரி. அவளுடைய அண்ணன் பிடித்துவந்த சிப்பிகளைக் கடல்தண்ணீர் வாளியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சிப்பியின் ரத்த செல்களைத் தட்டில் எடுத்து, சாயம் வைத்த கிண்ணங்களைச் சேர்த்தோம். உப்பைக் குறைத்து, செல்கள் வெடிக்காமலிருக்கச் சீனி கலந்த கரைசல். கோலின் இன்னும் விடவில்லை. எனவே தட்டு இருட்டாக இருக்க வேண்டும். திரையில் எங்கு பார்த்தாலும் பச்சை. கிண்ணம்தான் பழுதோ என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். கருவியைப் பார்த்துக்கொள்பவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தோழி மெதுவாகச் சொன்னாள்: “ஏளா, நாந்தான் அதுல கொஞ்சம் கடத்தண்ணி விட்டேன். சீனித்தண்ணில கெடக்கது பாவமா இருந்துச்சு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. கடல் உப்புதான் கோலினைப் போலச் சாயத்தை விரட்டியிருக்கிறது. கிண்ணத்தில் ஒரு பழுதும் இல்லை. திட்ட வந்தவள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த செல்களை வைத்து அவசர அவசரமாகப் புதுத் தட்டு. திரை கறுப்பாக இருந்தது. வெறும் இருட்டைப் பார்த்து நாங்கள் குதித்த குதியில், கருவிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு சொட்டு கோலின் விட்டேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒரு செல் மெல்லப் பச்சையானது. அடுத்து அதன் பக்கத்துச் செல்லும்.

“கோலின் உள்ள போயிட்டு ஏளா,” என்றாள் தோழி.

 கண்டிப்பாக வேலை செய்யும் என்று மூன்று வருடமாக எல்லோரிடமும் சண்டை போட்டு வந்த நான், அதை நம்பியது அப்போதுதான்.